சாட்சிக்கு நின்ற படைகள்: துருவப் பகுதிகளில் நாட்டு இறையாண்மை

ஒரு நிலப்பரப்பு எந்த நாட்டுக்கு உரியது என்ற கேள்விக்குப் பன்னாட்டுச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விடை, அங்கே ஆட்சி நடத்துவது எந்த நாடோ அதற்கே அது உரியது என்பதாகும். கண்டுபிடிப்பதும் கொடி நாட்டுவதும் உரிமையைத் தொடங்கி வைக்கலாம், முழுமையாக்கிவிட மாட்டா. நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பால்மாஸ் தீவு வழக்கில் 1928ஆம் ஆண்டு தீர்ப்புரைத்த நடுவர் மாக்ஸ் ஹூபர், ஒரு நிலத்தின்மீது ஆட்சி அதிகாரத்தை இடைவிடாமலும் அமைதியாகவும் செலுத்திக் காட்டுவது வெறும் கண்டுபிடிப்பைவிட வலிய உரிமை என்று நிலைநாட்டினார். இதனை நடைமுறை ஆளுகை எனலாம். வரி கொடுக்கக் குடிகளும், தீர்த்துவைக்க வழக்குகளும், காவல் காக்க ஊர்களும் உள்ள நாடுகளுக்கு எளிதில் பொருந்தும் இவ்விதி, ஆண்டில் பல வாரங்கள் கதிரவனே எழாத, கப்பல் நுழையக் கோடையில் மட்டும் கடல் வழிவிடும் துருவப் பகுதிகளுக்கு வந்தபோது பெருஞ்சிக்கலைத் தோற்றுவித்தது. ஆட்சி செய்யவே ஆளில்லாத இடத்தில் ஆட்சி நடந்ததற்கு எதைச் சான்றாகக் காட்டுவது?

இருபதாம் நூற்றாண்டில் நாடுகள் இக்கேள்விக்குக் கண்ட விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், துருவங்களுக்கு அனுப்பப்பட்ட படைவீரர் பல வேளைகளில் போரிடச் சென்றவரல்லர், சாட்சியாக நிற்கச் சென்றவரே என்பது தெளிவாகும். வடதுருவப் பகுதியில் அத்தகைய சாட்சியத்தை உருவாக்கும் முயற்சியில், அங்கே வழிவழியாக வாழ்ந்துவந்த மக்களின் விருப்பம் கேட்கப்படவே இல்லை என்பதும் அதே அளவு தெளிவாகும்.

வட அமெரிக்காவின் வடக்கே சிதறிக் கிடக்கும் ஆர்க்டிக் தீவுக்கூட்டத்தை 1880இல் பிரிட்டன் கனடாவிடம் ஒப்படைத்தபோது, ஒப்படைக்கப்பட்ட தீவுகள் எத்தனை என்பது இரு தரப்புக்கும் தெரியாது. அவற்றுள் சிலவற்றை அதன் பின்னரே நார்வே நாட்டவரான ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் கண்டுபிடித்து வரைபடமாக்கினார். இந்தக் குறையை ஈடுசெய்யக் கனடாவின் மேலவை உறுப்பினர் பாஸ்கல் புவாரியே 1907இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு நாட்டின் கிழக்கு, மேற்கு எல்லைகளிலிருந்து வடமுனை வரை இரு கோடுகளை இழுத்தால், அவற்றுக்கு இடைப்பட்ட கூம்பு வடிவப் பகுதியிலுள்ள நிலமனைத்தும் அந்நாட்டுக்கே உரியது. கோணப்பகுதிக் கொள்கை எனத்தகும் இதனைச் சோவியத் ஒன்றியம் 1926 ஏப்ரலில் தன் ஆணை ஒன்றில் ஏற்றுக்கொண்டது. ஆயினும், வரைபடத்தில் இழுத்த கோட்டை ஆட்சியாகக் கொள்ளப் பிற நாடுகள் அணியமாக இல்லை. எனவே கனடா 1920களில் எல்ஸ்மியர் தீவில் காவல் நிலையங்களை நிறுவியது. குற்றமே நிகழ வழியில்லாத, அண்டை ஊரே இல்லாத கரையில் காவலர் இருவரோ மூவரோ குளிர்காலம் முழுவதும் தங்கினர். அத்தீவின் பாஷ் தீபகற்பத்திலிருந்த காவல் நிலையம் அஞ்சல் நிலையமாகவும் பெயர்பெற்றது. அஞ்சல் வருவதோ ஆண்டுக்கொருமுறை வரும் கப்பலில். அதுவும் பனி வழிவிட்டால்தான். இறுதியில் 1930இல் நார்வே கனடாவின் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஸ்வெர்ட்ரூப்பின் வரைபடங்களுக்கும் குறிப்பேடுகளுக்கும் கனடா 67,000 டாலர் வழங்கியது.

இத்தகைய மெல்லிய சான்றுகள் போதுமா என்ற ஐயத்தைத் தீர்த்தது கிழக்குக் கிரீன்லாந்து வழக்காகும். கிரீன்லாந்து முழுவதும் தனதே என டென்மார்க் சொல்லிவந்தபோதும், குடியேற்றமில்லாத கிழக்குக் கரையில் நார்வேயின் வேட்டைக்காரர்கள் நீண்டகாலமாகக் குடில்கள் அமைத்துப் பொறி வைத்து நரி பிடித்துவந்தனர். 1931 ஜூலையில் அக்கரையின் ஒரு பகுதியைத் தன் உடைமையாக நார்வே அறிவிக்க, வழக்கு ஹேக் நகரிலிருந்த நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. 1933 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு டென்மார்க்குக்குச் சாதகமாக வந்தது. இறையாண்மைக்கு இரண்டு கூறுகள் வேண்டும் என்றது நீதிமன்றம்: ஆளவேண்டும் என்ற எண்ணம் ஒன்று, அந்த எண்ணத்தைச் செயலில் ஓரளவேனும் காட்டியிருப்பது மற்றொன்று. மக்கள் குறைந்த, குடியேற்றமற்ற நிலங்களில், எதிர்த்தரப்பு அதைவிட வலிய உரிமையை நிறுவாத வரையில், இரண்டாம் கூறு மிகச் சிறிதாக இருந்தாலும் போதும் என்பதே இத்தீர்ப்பின் உயிர்நாடி. கிரீன்லாந்துக்கெனச் சட்டம் இயற்றியதும், வணிக உரிமங்கள் வழங்கியதும், பிற நாடுகளுடனான ஒப்பந்தங்களில் கிரீன்லாந்தைக் குறிப்பிட்டதுமே டென்மார்க்கின் ஆட்சிக்குச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டன.

துருவப் பகுதியின் இயல்பை உணர்ந்து சொல்லப்பட்ட நியாயமான தீர்ப்புதான் இது. ஆனால் அதன் விளைவு இருமுனைப்பட்டது. சிறிதளவு செயலே போதும் என்றால், அச்சிறிதளவை யாரும் உண்டாக்கிவிடலாம்; உண்டாக்கியதை எதிராளி மிஞ்சிவிடாமல் காத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். வழக்கில் வென்ற டென்மார்க்கே இதற்கு எடுத்துக்காட்டாயிற்று. இரண்டாம் உலகப்போரில் டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, கிரீன்லாந்தின் ஆளுநர் எஸ்கே ப்ருன் 1941இல் வடகிழக்குக் கரையைக் கண்காணிக்க நாய்வண்டிக் காவல் அணி ஒன்றை அமைத்தார். ஐரோப்பாவின் வானிலையை முன்னறிய உதவும் நிலையம் ஒன்றை ஜெர்மானியர் சபைன் தீவில் மறைவாக நடத்தியதைக் கண்டறிந்தது அந்தச் சிறு அணிதான். 1943இல் நிகழ்ந்த மோதலில் அவ்வணியினருள் ஒருவர் உயிரிழந்தார். போருக்குப்பின் 1950இல் மீண்டும் தொடங்கப்பட்டுச் சிரியஸ் எனப் பெயர்பெற்ற அவ்வணி இன்றும் இயங்குகிறது. டேனபோர்க் என்னுமிடத்தைத் தளமாகக் கொண்டு, இரண்டு வீரரும் ஏறக்குறைய பன்னிரண்டு நாய்களும் சேர்ந்த குழுக்கள், மக்களே வசிக்காத ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கரையை மாதக்கணக்கில் சுற்றிவருகின்றன. எதிரியை எதிர்கொள்வது அவர்களின் அன்றாடப் பணியன்று. டென்மார்க் இங்கே இருக்கிறது என்பதைப் பனியின்மீது ஆண்டுதோறும் எழுதிச் செல்வதே அவர்களின் பணி.

யாருமற்ற கரையில் தன்னார்வ வீரரை நிறுத்துவது ஒன்று. வாழும் மக்களையே சான்றாக இடம்பெயர்த்து நிறுத்துவது வேறொன்று. கனடா 1950களில் இரண்டாவதைச் செய்தது. அலாஸ்காவிலிருந்து கிழக்கே நீண்ட ராடார் நிலைய வரிசை திட்டமிடப்பட்டுவந்ததும், வானிலை நிலையங்களிலும் ஓடுதளங்களிலும் அமெரிக்கர் பெருகிவந்ததும் ஓட்டாவாவின் அதிகாரிகளுக்குக் கவலையளித்த காலம் அது. வட கியூபெக்கின் இனுக்ஜுவாக் ஊரிலிருந்து, வடதுருவப் பகுதியின் பழங்குடியினரான இன்யூட் குடும்பங்களை 1953இலும் 1955இலும் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே எல்ஸ்மியர் தீவின் கிரைஸ் ஃபியார்டுக்கும் கார்ன்வாலிஸ் தீவின் ரெசொலூட் விரிகுடாவுக்கும் அரசு கொண்டுசென்றது. புதிய இடத்தின் நெடிய இருளுக்கு அவர்களைப் பழக்குவதற்கெனப் பாண்ட் இன்லெட்டிலிருந்து சில குடும்பங்களும் உடன் அழைத்துச் செல்லப்பட்டன. வேட்டை வளம் மிக்க இடம், விரும்பாவிட்டால் இரண்டாண்டில் திரும்பலாம் என்பவை அவர்களுக்குச் சொல்லப்பட்ட உறுதிமொழிகள். ஒரே இடத்துக்குச் செல்வதாக எண்ணிக் கப்பலேறிய உறவினர்கள், தாங்கள் பிரிக்கப்பட்டு வெவ்வேறு தீவுகளில் இறக்கப்படப் போவதைக் கப்பலில் இருந்தபோதே அறிந்தனர்.

அவர்கள் இறங்கிய நிலம் அவர்கள் அறிந்த நிலமன்று. இனுக்ஜுவாக்கில் பறவை முட்டையும், ஆற்று மீனும், காட்டுப்பழமும் கிடைத்தன. இங்கே மாதக்கணக்கில் கதிரவனின் முகமே தெரியவில்லை, முதல் குளிர்காலத்தைக் கூடாரங்களிலேயே கழிக்க வேண்டியிருந்தது, கடல்பனியின் விரிசல்களையும் விலங்குகளின் தடங்களையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. உணவுக்கு வழியாகியிருக்கக்கூடிய கஸ்தூரி எருதை வேட்டையாட வனவிலங்குச் சட்டம் தடைசெய்தது. அரசின் பதிவேட்டில் அவர்கள் பெயரால் அல்லாமல், கழுத்தில் அணியத் தரப்பட்ட வில்லையில் பொறித்த எண்ணால் குறிக்கப்பட்டனர். இரண்டாண்டு கழிந்தும் திரும்பிச் செல்லும் வாக்குறுதி நிறைவேறவில்லை. பெரும்பாலோருக்கு அது பல பத்தாண்டுகள் நிறைவேறாமலே இருந்தது. இனுக்ஜுவாக்கில் வேட்டை குறைந்து அரசு உதவியை நம்பும் நிலை வளர்ந்ததால் மக்களின் நன்மைக்கே இடம்பெயர்த்ததாக அதிகாரிகள் வாதிட்டுவந்தனர். இதை ஆராய்ந்த பழங்குடி மக்களுக்கான அரச ஆணையம் 1994இல் வெளியிட்ட அறிக்கை, இறையாண்மைக் கவலை தனிக் காரணமாகவோ முதன்மைக் காரணமாகவோ இல்லாவிடினும், முடிவெடுத்தவர்களின் கருத்தில் உறுதியாக இருந்தது என்று கண்டது. 1996இல் ஒரு கோடி டாலர் நிதியம் அமைக்கப்பட்டது. அரசின் முறையான மன்னிப்புக் கோரலோ 2010 ஆகஸ்டில்தான் வந்தது. முதலில் கப்பலேறியவர்களுள் பலர் அதற்குள் இறந்துவிட்டனர். நாட்டின் எல்லையை உறுதிசெய்தது இக்குடும்பங்களின் துன்பமே எனில், அந்நாடு அவர்களுக்குப் பட்ட கடன் எந்த நிதியத்தாலும் தீரக்கூடியதன்று.

அதே 1953இல், கடலுக்கு அப்பால் கிழக்கே, ஏறத்தாழ அதே கொடுமை மற்றொரு வடிவில் நிகழ்ந்தது. வடமேற்குக் கிரீன்லாந்தின் தூலே பகுதியில் அமெரிக்கா, டென்மார்க்குடன் செய்துகொண்ட 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, பெரும் வான்படைத் தளத்தைக் கட்டியிருந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு இடம் தேவைப்பட்டபோது, அருகிலிருந்த ஊம்மன்னாக் கிராமத்தின் இனூகுயிட் என்னும் இன்யூட் பிரிவினர் சில நாள் அவகாசத்தில் வீடுகளை விட்டு, நாய்வண்டிகளில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வடக்கே செல்ல நேர்ந்தது. கிரீன்லாந்தைக் குடியேற்ற நாடு என்ற நிலையிலிருந்து நீக்கி டென்மார்க்கின் சம உறுப்பாக்கிய புதிய அரசியலமைப்பு 1953 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. இடம்பெயர்ப்பு முடிந்தது அதற்குச் சில நாள் முன்னர்தான். 1968 ஜனவரியில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளுடன் வந்த அமெரிக்க பி-52 விமானம் அத்தளத்தருகே கடல்பனியில் விழுந்து கதிரியக்கத்தைச் சிதறடித்தபோது, தன் மண்ணில் அணு ஆயுதம் இருக்கக்கூடாது என்ற டென்மார்க்கின் வெளிப்படைக் கொள்கைக்கும் உண்மை நிலைக்கும் இடையிலிருந்த இடைவெளி உலகுக்குத் தெரிந்தது. தன் இறையாண்மையைக் காக்க நேச நாட்டின் படையை அழைக்கும் அரசு, அந்தப் படை என்ன செய்கிறது என்பதைக் கேட்கும் உரிமையையே மெல்ல இழந்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலத்தைவிடக் கடலில் கேள்வி இன்னும் சிக்கலானது. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கனடாவின் தீவுகளுக்கு ஊடாக இணைக்கும் வடமேற்குக் கடல்வழி, முழுக்கத் தன் ஆணைக்குட்பட்ட உள்நாட்டு நீர்ப்பரப்பு என்கிறது கனடா. எல்லா நாட்டுக் கப்பல்களும் தடையின்றிக் கடக்கக்கூடிய பன்னாட்டு நீரிணை என்கிறது அமெரிக்கா. 1969இல் மான்ஹாட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலும், 1985இல் போலார் சீ என்ற அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் பனியுடைப்புக் கப்பலும் அனுமதி கோராமல் அவ்வழியே புறப்பட்டன. கனடாவோ இருமுறையும் கேட்கப்படாத அனுமதியைத் தானே முன்வந்து வழங்கியது. மறுத்துத் தடுக்க இயலாத இடத்தில், வழங்குவதன் வாயிலாகவேனும் அதிகாரத்தைப் பதிவுசெய்யும் உத்தி அது. போலார் சீ பயணத்துக்குப்பின் தீவுகளைச் சுற்றி நேர்கோட்டு எல்லைகளை அறிவித்தபோது, வெளியுறவு அமைச்சர் ஜோ கிளார்க் நாடாளுமன்றத்தில் முன்வைத்த வாதம் கருதத்தக்கது: இன்யூட் மக்கள் நினைவுக்கெட்டாக் காலமாக நிலத்தைப் போலவே கடல்பனியையும் வாழிடமாகக் கொண்டிருப்பதால் அது கனடாவின் இறையாண்மைக்கு உட்பட்டது என்றார் அவர். இன்யூட் மக்களுடன் செய்துகொண்ட 1993ஆம் ஆண்டு நூனவுட் உடன்பாட்டிலும் இக்கருத்து விதியாகவே எழுதப்பட்டது. முப்பதாண்டுக்கு முன் குடும்பங்களைப் பெயர்த்து உண்டாக்க முயன்ற சான்று, அம்மக்களின் இயல்பான வாழ்க்கையிலேயே முழுமையாக இருந்தது என்பதை அரசு இவ்வாறு மிகத் தாமதமாக ஒப்புக்கொண்டது.

இந்த ஒப்புதலுக்கு ஏற்ற படை வடிவமும் கனடாவில் உண்டு. 1947இல் தொடங்கப்பட்ட கனடிய ரேஞ்சர்கள், சுமார் 5,000 பேர் கொண்ட பகுதிநேரத் துணைப்படையினர். வட ஆர்க்டிக் ஊர்களில் அவர்கள் பெரும்பாலும் இன்யூட் வேட்டைக்காரர்களே. சிவப்பு மேற்சட்டை அணிந்து, தங்கள் சொந்தப் பனிவண்டிகளில் சுற்றுக்காவல் செல்கின்றனர். அண்மைக்காலம் வரை அவர்களுக்கு வழங்கப்பட்டது பனியில் பழுதாகாது என்று பெயர்பெற்ற பழைய லீ என்ஃபீல்ட் துப்பாக்கி. தெற்கிலிருந்து வரும் நிலைப்படையினருக்கு எந்தப் பனி தாங்கும், எது பிளக்கும் என்று கற்றுக்கொடுப்பவர்களும் இவர்களே. துருவ நாடுகள் கண்ட படை ஏற்பாடுகளுள் மிகக் குறைந்த செலவும் மிகுந்த நியாயமும் உடையது இதுவே.

தென்துருவத்தில் இடம்பெயர்க்க மக்கள் இல்லை. எனவே சான்று தேடும் ஆவல் வேறு வழிகளில் வெளிப்பட்டது. பிரிட்டன், நியூசிலாந்து, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நார்வே, சிலி, அர்ஜென்டினா ஆகிய ஏழு நாடுகள் அண்டார்டிகாவைக் கூறுபோட்டு உரிமை கோரின; அவற்றுள் கடைசி இரண்டின் கோரிக்கைகளும் பிரிட்டனுடையதும் அண்டார்டிகத் தீபகற்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. உலகப்போரின் நடுவிலும் பிரிட்டன் டாபரின் என்ற மறைபெயரில் ஒரு கடற்படைப் பயணத்தை அனுப்பி, 1944 பிப்ரவரியில் டிசப்ஷன் தீவிலும் போர்ட் லாக்ராயிலும் நிலையங்களை அமைத்தது. அவர்கள் கொண்டுசென்றவற்றுள் அஞ்சல் முத்திரையும் சிறப்புத் தபால்தலைகளும் இருந்தன. கடிதம் முத்திரையிடப்படுவது நிர்வாகம் நடப்பதற்கான அடையாளம் என்பதே காரணம். 1948இல் சிலியின் குடியரசுத் தலைவர் கோன்சாலஸ் விடேலா தாமே அண்டார்டிகாவுக்குச் சென்றார். 1952 பிப்ரவரி 1 அன்று ஹோப் விரிகுடாவில், தீக்கிரையான தங்கள் நிலையத்தை மீண்டும் கட்டக் கரையிறங்கிய பிரிட்டானியரின் தலைக்குமேல் அர்ஜென்டினக் குழு இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. அர்ஜென்டினா பின்னர் வருத்தம் தெரிவித்தது. மறு ஆண்டு பிரிட்டனின் கடற்படை வீரர்கள் டிசப்ஷன் தீவில் அர்ஜென்டினா, சிலி ஆகியவற்றின் குடில்களைப் பிரித்தெறிந்து, அர்ஜென்டினர் இருவரைக் கைதுசெய்தனர். 1955இல் பிரிட்டன் பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகியது; எதிர்த்தரப்புகள் அதன் அதிகார வரம்பை ஏற்காததால் வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

இந்தப் போட்டியைத் தணித்தது 1959 டிசம்பர் 1 அன்று பன்னிரண்டு நாடுகள் கையொப்பமிட்ட அண்டார்டிகா உடன்படிக்கை. படைத்தளம் அமைப்பதையும், போர்ப் பயிற்சியையும், ஆயுதச் சோதனையையும் அதன் முதல் பிரிவு தடைசெய்வது பரவலாக அறியப்பட்டது. ஆனால் அதே பிரிவு, அறிவியல் ஆய்வுக்கும் பிற அமைதிப் பணிகளுக்கும் படையினரையும் படைக்கருவிகளையும் பயன்படுத்த இடமளிக்கிறது. அமெரிக்க நிலையங்களுக்கு இன்றும் பொருள்களைக் கொண்டுசேர்ப்பதில் படை விமானங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன, அர்ஜென்டினாவின் நிலையங்கள் பலவற்றைப் படையினரே நடத்துகின்றனர். ஆகவே அமைதியைக் காத்தது படையினரின் இன்மை அன்று. நான்காம் பிரிவே உடன்படிக்கையின் திறவுகோல்: பழைய உரிமைக் கோரிக்கைகளை எவரும் கைவிட்டதாகாது, ஆனால் உடன்படிக்கை நடப்பிலிருக்கும் காலத்தில் செய்யப்படும் எந்தச் செயலும் உரிமையை நிறுவவோ மறுக்கவோ சான்றாகாது, புதிய கோரிக்கையும் எழுப்ப முடியாது. சாட்சியத்தின் மதிப்பையே நீக்கிவிட்டபின் சாட்சிக்கு ஆள் நிறுத்த வேண்டிய தேவை குன்றிவிட்டது. பழைய ஆசை முற்றும் அடங்கியதாகவும் சொல்ல முடியாது. அர்ஜென்டினா 1978 ஜனவரியில் தன் எஸ்பெரான்சா தளத்தில் ஒரு குழந்தை பிறக்க வழிசெய்ததும், சிலி 1984இல் குடும்பங்கள் வாழும் சிற்றூர் ஒன்றை அமைத்ததும் அவ்வாசையின் எச்சங்களே. சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கு மதிப்பில்லை.

இந்த உடன்படிக்கைக்கு முன்பே, 1956இல், இந்தியா அண்டார்டிகாவை அமைதிப் பணிக்கு மட்டும் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. பொதுச்சபையில் பேசவேண்டும் என்று கோரியது. அப்போது அம்முயற்சி கைகூடவில்லை. 1982 ஜனவரியில் முதல் இந்தியப் பயணக்குழு அங்கே கால்வைத்ததை அடுத்து, 1983இல் இந்தியா உடன்படிக்கையில் இணைந்து முடிவெடுக்கும் தகுதியும் பெற்றது. முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியைக் கட்டியதிலும் அங்கே முதல் குளிர்காலத்தைக் கழித்ததிலும் தரைப்படையினரின் பங்கு பெரிது.

உரிமையைப் படையால் நிலைநாட்டுவதற்கும் அதை உறையவைப்பதற்கும் இடைப்பட்டதொரு வழியை வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் காட்டுகிறது. 1920ஆம் ஆண்டு ஒப்பந்தம் அத்தீவுகளின் முழு இறையாண்மையை நார்வேக்குத் தந்துவிட்டு, கடற்படைத் தளமும் அரணும் அமைப்பதை அந்த நார்வேக்கே தடைசெய்தது. ஒப்பந்த நாடுகளின் குடிகள் தொழில்செய்யச் சம உரிமை உடையவர்கள். இதன் பயனாகவே ரஷ்யர்கள் பாரன்ட்ஸ்பர்க்கில் நிலக்கரிச் சுரங்கம் நடத்துகின்றனர்.

இன்று ரஷ்யாவின் வடகரையில் காணப்படும் படைப்பெருக்கத்தை மேற்சொன்ன சாட்சிப் படைகளோடு ஒன்றாக எண்ணுவது பிழையாகும். கோலா தீபகற்பத்தில் ரஷ்யாவின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளின் பெரும்பகுதி நிற்கிறது. ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளின் நகுர்ஸ்கோயே தளம் உட்பட வடக்கே புதுப்பிக்கப்பட்ட ஓடுதளங்களும் ராடார்களும் அந்த நீர்மூழ்கிகளுக்கும் ரஷ்யக் கரையோரமாகச் செல்லும் வடகடல் வழிக்கும் காவலாக அமைந்தவை. அந்நிலங்களை யாரும் ரஷ்யாவிடமிருந்து கோரவில்லை. 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் நேட்டோவில் இணைந்தபின், ரஷ்யா நீங்கலான ஏழு ஆர்க்டிக் நாடுகளும் ஒரே படைக் கூட்டணியில் உள்ளன. இது இறையாண்மைத் தகராறு அன்று, வல்லரசுகளின் போட்டி. இரண்டையும் குழப்புவதால் நிலத்தகராறு இல்லாத இடத்திலும் அது இருப்பதான தோற்றம் உண்டாகிறது. 2007 ஆகஸ்டில் ஆர்தூர் சிலிங்காரோவ் தலைமையிலான ரஷ்யக் குழு வடமுனைக்கடியில் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் டைட்டானியக் கொடியை நாட்டியபோது எழுந்த பரபரப்பும் அத்தகையதே. கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்தின் தொடர்ச்சியான கண்டத்திட்டின்மீது கரையோர நாட்டுக்குள்ள உரிமை, ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின்படி, ஆக்கிரமிப்பையோ அறிவிப்பையோ சார்ந்தது அன்று. பாறைகளின் அமைப்பையும் படிவுகளின் தடிமனையும் அளந்து எல்லைகளுக்கான ஆணையத்தின்முன் வைப்பதே அங்கே வழி. ரஷ்யாவும் டென்மார்க்கும் கனடாவும் அந்த வழியிலேயே மனு அளித்துள்ளன. ஒன்றின்மேல் ஒன்று படியும் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்க முடியும் என்பதற்கு, பாரன்ட்ஸ் கடலைப் பகிர்ந்து 2010இல் நார்வேயும் ரஷ்யாவும் செய்துகொண்ட உடன்பாடு சான்று.

அவ்வாறே, கனடாவும் டென்மார்க்கும் அரை நூற்றாண்டாக உரிமை கோரி, கொடிகளை மாற்றி மாற்றி நாட்டிய, 1.3 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தார்துபாலுக் என்னும் ஹான்ஸ் தீவு 2022 ஜூனில் இரண்டாகப் பகிரப்பட்டது. அவ்வுடன்பாடு இருபுறத்து இன்யூட் மக்களும் தீவு முழுவதும் தடையின்றிச் சென்றுவந்து வேட்டையாடும் உரிமையைக் காத்தது. கிரீன்லாந்தைப் பெற்றே தீரவேண்டும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் 2025இல் மீண்டும் மீண்டும் கூறியபோது எழுந்த கேள்வியும், அங்கே வாழும் மக்களின் உரிமை என்ற இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கிரீன்லாந்தின் கையொப்பம் இல்லை. 2004இல் இகாலிகுவில் அது திருத்தப்பட்டபோது கிரீன்லாந்தின் தன்னாட்சி அரசும் கையொப்பமிட்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் கிரீன்லாந்தியரைத் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையுள்ள மக்களாக ஏற்று, விடுதலையை அவர்களின் பொதுவாக்கெடுப்பு முடிவுக்கு விட்டிருக்கிறது. ஆகவே அத்தீவின் தளங்களைப் பற்றிய எந்தப் பேச்சும், வாஷிங்டனிலோ கோபன்ஹேகனிலோ தொடங்கினாலும், நூக் நகரின் நாடாளுமன்றத்தைத் தாண்டி முடிய இயலாது.